மின்னஞ்சல்: முதற்பாடத்தை எங்கிருந்து தொடங்குவது?

வன்னியிலே ஒரு கிராமத்து மாதர் சங்கம். அதன் செயலாளர் கணக்குக் கொப்பியை ஒரு சதமும் பிசகாமல் எழுதுபவர். சங்கத்துப் பெண்கள் விளைவித்த கச்சானைக் கொள்வனவு செய்ய வந்த வியாபாரி ஒருவர் நிறுவையில் ஏமாற்றுகிறார் என்பதை அவர் கண்டுகொண்டார். அவ்வேளையில் சந்தைப்படுத்தல் கூட்டமொன்றுக்கான அழைப்பு மின்னஞ்சலில் வந்திருந்தது. அழைப்பை அனுப்பிய இணைப்பாளருக்கு மட்டும் விடயத்தைத் தெரிவிக்க எண்ணி, எத்தனை மூடையில் எத்தனை கிலோ குறைந்தது என்று விபரமாக எழுதினார். பின்னர் பதில் அனுப்பும் அடையாளத்தைத் தொட்டார். அவர் தொட்டது ‘எல்லோருக்கும் பதில்’ என்ற அடையாளம். அழைப்புப் பெற்றோர் பட்டியலில் அந்த வியாபாரியின் முகவரியும் இருந்தது.

மறுநாள் முதல் வியாபாரி அந்தக் கிராமத்துக்கு வரவில்லை. மூடைகளைத் தூரத்துச் சந்தைக்குக் கொண்டுசென்று, கூலியும் கொடுத்து, குறைந்த விலைக்கு விற்க நேர்ந்தது. சங்கத்தில் சிலர் செயலாளரைக் கடிந்துகொண்டனர். நட்டம் ஒரு போகத்தோடு தீர்ந்துவிட்டது. ஆனால், அந்தப் பெண் அதற்குப் பிறகு மின்னஞ்சலைத் தானாகத் திறக்கவில்லை. களப்பணியாளர் வரும்வரை காத்திருந்து, “நீங்களே பார்த்துச் சொல்லுங்கோ, தம்பி” என்று கைத்தொலைபேசியை அவர் கையில் கொடுத்துவிடுகிறார். இதுவே பெரிய நட்டம் என்று நாம் கருதுகின்றோம்.

அவருக்கு மின்னஞ்சல் பழக்கியவர்கள் நாம்தாம். ஒருநாள் பயிற்சி. இருபது பேர். ஆளுக்கொரு முகவரியை அவசர அவசரமாகத் திறந்துகொடுத்தோம். கடவுச்சொற்களை எமது கொப்பியிலேயே எழுதிவைத்தோம். எந்த அடையாளம் எதைச் செய்யும் என்று ஒருமுறை காட்டினோம். மாலையில் தேநீரோடு பயிற்சி முடிந்தது. அறிக்கையில் ‘இருபது பேர் பயிற்றப்பட்டனர்’ என்று எழுதப்பட்டது. பிழை அந்தச் செயலாளரின் விரலில் இல்லை. எமது பாடத்தில்தான் இருந்தது. அந்தப் பாடத்தை எங்கிருந்து தொடங்கியிருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பயமின்றிப் பழகுவதற்காகப் பிறந்த ஒன்று

இக்கேள்விக்கு ஒரு நல்ல விடை முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே கிடைத்திருந்தது. ஐக்கிய அமெரிக்காவின் சியாற்றில் நகரிலுள்ள வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1989ஆம் ஆண்டு ‘பைன்’ என்ற மின்னஞ்சல் செயலி உருவாகத் தொடங்கியது. அது கணனி நிபுணர்களுக்காக எண்ணப்பட்டதன்று. அப்பல்கலைக்கழகத்தின் நிருவாக அலுவலர்களுக்காக, அதாவது கடிதம் எழுதுவதும் கோப்புப் பேணுவதுமே தொழிலாகக் கொண்டவர்களுக்காக எண்ணப்பட்டது. பழக்கமில்லாத ஒருவர், பிழை விட்டுவிடுவேனோ என்ற பயமின்றிப் பயன்படுத்தக் கூடியதாக இருக்கவேண்டும் என்பதே அதனைச் செய்தோரின் நோக்கமாக இருந்தது. அதற்கு முன் ‘எல்ம்’ என்றொரு செயலி இருந்தது. பைன் அந்த வழியிலே வந்து, அதனிலும் எளிமையானதாயிற்று. பல நாடுகளில், 1990களில் பல்கலைக்கழகம் சென்ற ஒரு தலைமுறை தன் முதல் மின்னஞ்சலைப் பைனில்தான் எழுதியது.

பைனில் படங்கள் இல்லை; வர்ணங்கள் இல்லை; சுட்டியும் தேவையில்லை. திரை முழுவதும் எழுத்துகளே. முதற்பக்கத்தில் ஒரு பட்டியல் வரும். மடல் எழுத ‘சி’, வந்த மடல்களின் நிரலைப் பார்க்க ‘ஐ’, மடற்கோப்புகளைப் பார்க்க ‘எல்’, முகவரிப் புத்தகத்துக்கு ‘ஏ’, வெளியேற ‘கியூ’. ஓர் எழுத்து, ஒரு வேலை. இவற்றை மனப்பாடம் செய்யவும் வேண்டியதில்லை. எந்தப் பக்கத்தில் நின்றாலும், அங்கே எந்த விசை எதைச் செய்யும் என்பது திரையின் அடியிலுள்ள இரண்டு வரிகளில் எழுதப்பட்டிருக்கும். பஸ் வண்டியின் நெற்றியில் ஊர்ப்பெயர் எழுதியிருப்பது போல. வாசிக்கத் தெரிந்தவர் யாரையும் கேட்காமல் ஏறலாம்.

மடல் எழுதும் பக்கமும் அப்படியே. யாருக்கு, பிரதி யாருக்கு, இணைப்பு என்ன, விடயம் என்ன என்று நான்கு வரிகள். அதன் கீழே ஒரு கோடு. கோட்டின் கீழே கடிதம். எழுதி முடித்தபின் கட்டுப்பாட்டு விசையோடு ‘எக்ஸ்’ விசையை அழுத்தினால் மடல் உடனே போய்விடாது. ‘அனுப்பலாமா?’ என்று கேட்கும். ஆம் என்றால் ‘வை’, இல்லை என்றால் ‘என்’. இப்போது முடிக்க நேரமில்லையா? கட்டுப்பாட்டு விசையோடு ‘ஓ’வை அழுத்தினால் மடல் ஒத்திவைக்கப்படும். நாளை தொடரலாம்.

அந்தச் செயலாளரின் கதையோடு சேர்த்துப் பார்க்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. பலருக்கு வந்த ஒரு மடலுக்குப் பதில் எழுதப் புகுந்தால், பைன் முதலில் ஒரு கேள்வியைக் கேட்கும்: ‘எல்லோருக்கும் பதில் அனுப்புவதா?’ ஒரே அளவிலான இரு சிறு அடையாளங்களை அருகருகே வைத்துவிட்டு அது பேசாமல் இருக்காது. கேட்டுவிட்டுத்தான் அடுத்த அடி. அந்த ஒரு கேள்வி அன்று அந்தப் பெண்ணிடம் கேட்கப்பட்டிருந்தால், அவர் நிதானித்திருப்பார் என்றே நம்புகின்றோம்.

அழிப்பதிலும் இதே நிதானம். ‘டி’ விசையை அழுத்தினால் மடல் மறைந்துவிடாது. அழிப்பதற்கென ஓர் அடையாளம் மட்டும் இடப்படும். மனம் மாறினால் ‘யூ’ விசை அந்த அடையாளத்தை நீக்கிவிடும். வெளியேறும்போது, அடையாளமிட்டவற்றை உண்மையில் நீக்கிவிடலாமா என்று மீண்டும் ஒருமுறை கேட்கும். கற்றுக்கொள்பவர் பிழை விடுவார் என்பதை முன்னரே ஏற்றுக்கொண்டு, அந்தப் பிழையால் பெருங்கேடு வராதபடி செய்யப்பட்ட கருவி இது. நல்ல ஆசிரியரின் குணமும் அதுவே.

வெறும் எழுத்தின் பலம்

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். இரண்டாயிரம் எழுத்துக்குறிகள் கொண்ட ஒரு பக்கக் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதினால் அதன் அளவு ஏறத்தாழ 2 கிலோபைற். ஒருங்குறித் தமிழில் ஒவ்வொரு குறியும் பொதுவாக 3 பைற் இடம் பிடிப்பதால் அதே நீளக் கடிதம் ஏறத்தாழ 6 கிலோபைற். கைத்தொலைபேசியில் எடுத்த ஒரு புகைப்படம் 3 மெகாபைற் என்று வைத்துக்கொள்வோம். ஒரு படத்தின் இடத்தில் ஐந்நூறு தமிழ்க் கடிதங்கள் அடங்கும். அத்துடன், படத்தை மடலோடு இணைக்கும்போது அதன் அளவு மூன்றில் ஒரு பங்கால் கூடிவிடுகின்றது. 1990களில் பாவனையிலிருந்த, விநாடிக்கு 14.4 கிலோபிற் வேகமுடைய தொலைபேசி மோடத்தில் இந்தக் கடிதம் நான்கு விநாடிக்குள் போய்விடும். அந்தப் படம் போக அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும்.

இன்று அவ்வளவு மெதுவான இணைப்புகள் இல்லை என்பது உண்மையே. ஆயினும், கோபுரத்திலிருந்து தொலைவான கிராமங்களில், மழை நாளில், டேட்டா முடியும் மாத இறுதியில், கடிதம் போகும். படம் சுற்றிச் சுற்றி நிற்கும். சங்கங்கள் எமக்கு அனுப்பும் மடல்களில் பெரும்பாலானவை, கையால் எழுதிய கடிதத்தைப் படமெடுத்து இணைத்தவை. அவ்வாறு வருவதைத் தேட முடியாது. அதிலிருந்து ஒரு வரியை எடுத்துப் பதில் எழுத முடியாது. ஒளி குறைந்திருந்தால் வாசிக்கவும் முடியாது. எழுத்தாக வந்த கடிதம் நூறு மடல்களுக்கிடையிலும் ஒரு சொல்லால் தேடி எடுக்கக் கூடியது. பார்வை குறைந்தவருக்குக் கணனி அதனை வாசித்தும் காட்டும்.

எமது நாட்டிலும் மின்னஞ்சல் இந்த வெறும் எழுத்தாகவே நுழைந்தது. 1990ஆம் ஆண்டளவில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு, பல்கலைக்கழகத்தவர்களுக்கான மின்னஞ்சல் சேவை தொலைபேசிக் கம்பி வழியே தொடங்கியது. பொதுமக்கள் பணம் செலுத்திப் பெறும் இணையச் சேவை 1995இல் வந்தது. அந்த ஆண்டுகளில் வடக்கின் பெரும்பகுதியில் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. உறவினரின் கையெழுத்தைக் காண மாதக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் அங்கே இருந்தன. ஒரு பக்கக் கடிதத்தின் பெறுமதியை அவர்களுக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியுடன் கொத்மலை சமூக வானொலியில் நடந்த முயற்சியையும் இங்கு நினைவுகூரலாம். கிராமத்தவர் கேட்ட கேள்விகளுக்கு, அறிவிப்பாளர்கள் இணையத்தில் விடை தேடி, மக்கள் மொழியில் ஒலிபரப்பினார்கள். அது நல்ல வேலை. ஆனால், இடையில் ஒருவர் நின்று வாசித்துச் சொல்லும் ஏற்பாடு ஒரு பாலமே. பாலத்தைக் கடந்து, தன் கடிதத்தைத் தானே எழுதித் தானே அனுப்பும் இடத்துக்கு மக்கள் வந்துசேர வேண்டும். எமது செயலாளர் அந்தப் பாலத்தைக் கடந்தபின், பயத்தால் திரும்பி வந்துவிட்டார்.

‘வட்ஸ்அப் போதாதா?’

இதைச் சொல்லும்போதெல்லாம் நண்பர்கள் கேட்பது இதுதான்: “எல்லோரும் வட்ஸ்அப்பில் இருக்கிறார்கள், குரலிலேயே பேசி அனுப்புகிறார்கள், இனி மின்னஞ்சல் எதற்கு?” நியாயமான கேள்வி. கூட்டத்துக்கு வரச் சொல்லவும், மழை பெய்கிறதா என்று கேட்கவும் அது தாராளமாகப் போதும். ஆனால், முறைப்பாடு வேறு, பேச்சு வேறு. யார், யாருக்கு, எந்தத் திகதியில், எந்த விடயமாக எழுதினார்; பிரதி யாருக்குப் போயிற்று; என்ன பதில் வந்தது என்ற தொடர் ஓரிடத்தில் ஒழுங்காக இருக்கவேண்டும். மின்னஞ்சல் மடல் அந்தத் தொடரைத் தன் தலைப்பிலேயே சுமந்துசெல்கிறது. தொலைபேசி தொலைந்தாலும் அது அஞ்சற் கணக்கில் இருக்கும்.

சட்டமும் இதற்குத் துணை நிற்கின்றது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் மின் ஆவணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் வழங்குகின்றது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் விடுக்கும் எழுத்துமூல வேண்டுகோளை மின்னஞ்சல் மூலமும் அனுப்பலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் உத்தியோகத்தர் தம் முடிவைத் தெரிவிக்க வேண்டும். ஒரு குளத்தின் புனரமைப்புக்கு எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது என்று கேட்க, பஸ் ஏறி நகரத்துக்குப் போய் அரைநாளைச் செலவழிக்க வேண்டியதில்லை. ஆனால், அந்த நாட்களை எண்ணத் தொடங்குவதற்குத் திகதியிட்ட ஒரு கடிதம் கையில் இருக்கவேண்டும்.

எமது யோசனைகள்

எல்லாக் கிராமங்களிலும் பைனை நிறுவ வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பைனுக்குப் பதிலாக ‘அல்பைன்’ என்ற செயலியை 2007இல் அதே பல்கலைக்கழகம் இலவசமாக வெளியிட்டது. பின்னர் பல்கலைக்கழகம் ஒதுங்கிக்கொண்டாலும், ஆர்வலர்களின் உழைப்பால் அது தொடர்ந்து வாழ்கிறது. லினக்ஸ் இட்ட ஒரு பழைய கணனியிலும் அது ஓடும். ஆனால், இரண்டு தடைகள் உண்டு. முதலாவது, பெரிய அஞ்சற் சேவைகள் பல இன்று கடவுச்சொல்லை மட்டும் ஏற்பதில்லை. இணைய உலாவி வழியாகத் தனி அனுமதியும் கேட்கின்றன. ஆகவே, அனுபவமுள்ள ஒருவர் முதலில் அதனை ஒழுங்குசெய்து கொடுக்க வேண்டும். இரண்டாவது, தமிழ். அல்பைன் ஒருங்குறித் தமிழை ஏற்கும்; சரியாகவே அனுப்பும். ஆனால், அது ஓடும் எழுத்துத் திரைகள் பலவற்றில் கொம்பும் காலும் இடம்மாறி நிற்கும். பெறுபவருக்கு ஒழுங்காகத் தெரிந்தாலும், புதிதாகப் பழகுபவர் தன் திரையில் ‘கொ’ சிதறிக் கிடப்பதைக் கண்டு மனம் தளர்வார்.

எனவே, கருவியை விட அதன் முறையையே நாம் இரவல் வாங்க வேண்டும். கணனி இருக்கும் பயிற்சி நிலையங்களில், விசைப்பலகை பழகும் இளைஞர்களுக்கு அல்பைனையே முதற்பாடமாக வைக்கலாம். மின்னஞ்சலின் எலும்புக்கூட்டை அவர்கள் அதில் தெளிவாகக் காண்பார்கள். மற்றவர்களுக்கு, அவர்கள் கையிலுள்ள தொலைபேசியிலேயே, பைன் காட்டிய வழியில் பழக்கலாம். அதற்குப் பின்வருவனவற்றை முன்வைக்கின்றோம்.

முதலாவது: ஒருநாள் பயிற்சியை விட்டு, ஒரு கிழமை இடைவெளியில் இரண்டு அரைநாள்கள் வைப்போம். முதல் அரைநாளில் ஐந்து பேர் சேர்ந்து தமக்குள்ளேயே மடல் அனுப்பிப் பழகட்டும். வேண்டுமென்றே பிழை விடட்டும். தவறானவருக்கு அனுப்பட்டும், அழிக்கட்டும், அழித்ததை மீட்கட்டும், எல்லோருக்கும் பதில் போட்டு என்ன நடக்கிறது என்று பார்க்கட்டும். கேடு வராத இடத்தில் பிழை விட்டவர், கேடு வரும் இடத்தில் நிதானிப்பார்.

இரண்டாவது: திரை கேட்காத கேள்விகளை வாயால் கேட்கப் பழக்குவோம். அனுப்புமுன் மூன்று கேள்விகள்: யாருக்குப் போகிறது? வேறு யாருக்கெல்லாம் போகிறது? இது போகலாமா? இவற்றை ஒரு சிறு மட்டையில் எழுதித் தொலைபேசி உறைக்குள் வைத்துக்கொள்ளலாம். முறைப்பாடு என்றால் பதில் அடையாளத்தைத் தொடவே வேண்டாம். புதிய மடலாக எழுதி, முகவரியைக் கடைசியாக இடட்டும். முகவரி இல்லாத மடல் எந்தத் தவறான விரலாலும் போகாது.

மூன்றாவது: கடிதத்தை எழுத்தாகவே எழுதப் பழக்குவோம். விடயத்தை ஒரு வரியில். திகதி, இடம், அளவு, தொகை ஆகியவற்றைத் தனித்தனி வரிகளில். இறுதியில் பெயரும் பதவியும். படம் உண்மையில் சாட்சியாக வேண்டியபோது மட்டும், அளவைச் சுருக்கி இணைக்கலாம்.

நான்காவது: கடவுச்சொல் உரியவருடையதாகவே இருக்கட்டும். எம்மைப் போன்ற பயிற்றுநர்கள் அதனை எழுதிவைக்கும் வழக்கத்தை இன்றே நிறுத்த வேண்டும். எமது கொப்பியிலிருந்த இருபது கடவுச்சொற்களையும் நாம் உரியவர்களைக் கொண்டு மாற்றச் செய்து, அந்தத் தாளை எரித்துவிட்டோம். சங்கத்துக்கெனத் தனி முகவரி ஒன்று இருக்கட்டும். நிருவாகசபை மாறும்போது முத்திரையும் கணக்குப் புத்தகமும் கைமாறுவது போல அதுவும் கைமாறி, கடவுச்சொல்லும் மாற்றப்படட்டும்.

ஐந்தாவது: இணைப்பாளர்களுக்கும் நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். சங்கங்களையும் வியாபாரிகளையும் உத்தியோகத்தர்களையும் ஒரே வரியில் வைத்து அழைப்பு அனுப்பாதீர்கள். மறைபிரதியாக அனுப்பினால், பெறுபவர்கள் ஒருவருக்கொருவர் தெரியமாட்டார்கள். எல்லோருக்கும் பதில் போட்டாலும் அது மற்றவர்களைச் சென்றடையாது. அன்று அழைப்பை அனுப்பியவர் இந்தச் சிறு கவனத்தை எடுத்திருந்தால், ஒரு கிராமத்துக் கச்சான் உரிய விலைக்குப் போயிருக்கும்.

கிராமத்துப் பெண் ஒருவர் ஏமாற்றை இனங்கண்டார், அளந்தார், எழுதினார், அனுப்பவும் துணிந்தார். அபிவிருத்தி என்று நாம் பேசுவதெல்லாம் அவருடைய இந்த நான்கு செயல்களுக்குள் அடங்கிவிடுகிறது. அவரைத் தண்டித்தது ஒரு சிறு அடையாளமும் எமது அரைகுறைப் பாடமும். பிழைக்குப் பயப்படுபவரிடம் “கவனமாய் இருங்கோ, அக்கா” என்று சொல்வதால் பயம் போகாது. பிழை விட்டாலும் திரும்பி வரக்கூடிய வழியை அமைத்துக் கொடுத்தால்தான் போகும். சியாற்றிலில் அலுவலகப் பணியாளர்களுக்காக அன்று ஒருமுறை செய்துகாட்டப்பட்டதை, எமது சங்கத்துச் செயலாளர்களுக்காக இன்று எம்மால் செய்ய முடியாதா?

வரும் மாதம் அந்தச் செயலாளரின் வீட்டுக்குப் போகவிருக்கின்றோம். இம்முறை அவருடைய தொலைபேசியை எமது கையில் வாங்கமாட்டோம்.